விதைத்த கை எது?

ஆற்றின் மூலத்தையும் முனிவரின் மூலத்தையும் ஆராயலாகாது என்பது முன்னோர் வாக்கு. ஆராயப் புகுந்தால் பெருமை குன்றிவிடும் என்னும் அச்சம் அவ்வாக்கினுள் பொதிந்து கிடக்கிறது. எனினும் மனித இனம் அவ்வறிவுரையை ஒருநாளும் பின்பற்றியதில்லை. தன் குடியின் தொடக்கம் எது, தன் சமயத்தின் தொடக்கம் எது என வினவாத சமுதாயம் உலகில் இல்லை. விடை கிடைக்காத இடத்தில் கதை பிறக்கிறது. கதை பல தலைமுறை வாழ்ந்தால் மரபாகிறது. மரபுக்கு வயது ஏறினால் அது வரலாற்றின் இருக்கையில் அமர்ந்துகொள்கிறது. அதன்பின் அதனை அவ்விருக்கையினின்று எழுப்புவது எளிய செயலன்று.

இவ்வுண்மைக்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாக விளங்குவது, பண்டைய பிரித்தானியரிடையே கிறித்துவ சமயம் தோன்றிய வரலாறு. பிரித்தானியர் என்று இங்குக் குறிக்கப்படுவோர், ஆங்கிலோ-சாக்சன் இனத்தார் கடல் கடந்து வந்து குடியேறுவதற்கு முன்பே அத்தீவில் வாழ்ந்த கெல்டிய மொழி பேசிய மக்கள். கி.பி. 43-இல் பேரரசர் கிளாடியஸ் காலத்தில் உரோமப் படை அத்தீவில் கால்வைத்தது. ஏறத்தாழ கி.பி. 410 வரை உரோம ஆட்சி அங்கு நிலவிற்று. அந்த மூன்றரை நூற்றாண்டுக்குள் எப்போதோ ஒருநாள், எவரோ ஒருவர் வழியாகக் கிறித்துவம் அம்மண்ணில் வந்து சேர்ந்தது. அந்த 'எப்போதோ', அந்த 'எவரோ' ஆகிய இரு சொற்களை மையமாகக் கொண்டு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக வழக்கு நடந்துவருகிறது.

முதற் குரல்கள்

எழுத்துச் சான்றுகளுள் பழமையானது வட ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. கார்த்தேஜ் நகரைச் சேர்ந்த தெர்த்துல்லியன் ஏறத்தாழ கி.பி. 200-இல் எழுதியபோது, உரோமரால் அணுக முடியாத பிரித்தானியப் பகுதிகளும் கிறித்துவுக்குப் பணிந்துவிட்டன என்று குறிப்பிட்டார். மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த ஒரிஜன் என்பாரும் பிரித்தானியாவைச் சுட்டினார். ஆயினும் இவ்விருவரும் அத்தீவைக் கண்டவர் அல்லர். உலகின் எல்லை வரை தம் சமயம் பரவிவிட்டது என நாட்டுதற்கு, உலகின் எல்லையில் கிடந்த ஒரு தீவின் பெயர் அவர்களுக்குத் தேவைப்பட்டது. சொல்வன்மை மிக்கோர் கூற்றில் உண்மையும் இருக்கலாம்; அணியும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிவதே ஆய்வாளர் கடமை.

ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த கில்டாஸ் என்னும் பிரித்தானியத் துறவி, தம் மக்களின் அழிவை எண்ணிப் புலம்பி ஒரு நூல் யாத்தார். அதில் வரும் ஒரு நெடுந்தொடர், கிறித்துவின் ஒளி பேரரசர் திபேரியஸ் காலத்தில் தோன்றியதைக் கூறுகிறது. உலகிற்கு அவ்வொளி தோன்றிய காலத்தையே அவர் குறித்தார் என்று கொள்வதே பொருத்தம். பிற்காலத்தார் சிலரோ, பிரித்தானியாவுக்கே அவ்வொளி அக்காலத்தில் வந்ததாகப் பொருள் கொண்டனர். திபேரியஸ் இறந்தது கி.பி. 37-இல். உரோமப் படை வருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே சமயம் வந்துவிட்டதென்று இப்பொருள்கோள் கூறுகிறது. ஒரு தொடரை எங்கே பிரித்துப் படிப்பது என்பதில் ஒரு நாட்டின் வரலாறே மாறிப்போவதை இலக்கணம் கற்றோர் வியப்பின்றி ஏற்பர்.

மன்னன் எழுதிய மடல்

எட்டாம் நூற்றாண்டில் தலைசிறந்த அறிஞராகத் திகழ்ந்த பீட் அடிகள், கி.பி. 731-இல் தம் திருச்சபை வரலாற்றை எழுதி முடித்தார். பிரித்தானிய மன்னன் லூசியஸ் என்பான், தன்னைக் கிறித்துவனாக்குமாறு வேண்டி உரோமைத் தலைமை ஆயர் எலூத்தேரியசுக்கு மடல் விடுத்தான். அவ்வேண்டுகோள் நிறைவேறிற்று என்று அவர் எழுதினார். எலூத்தேரியஸ் இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியினர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மான்மத் ஊர் ஜெஃப்ரி இச்செய்திக்குக் கண்ணும் மூக்கும் வைத்து, பழைய பூசாரிகளின் இடங்களில் ஆயர்கள் அமர்த்தப்பட்டதாகப் பெருங்கதையாக விரித்தார்.

ஆனால் பீட் அடிகளுக்கு இச்செய்தி கிடைத்தது எங்கிருந்து? உரோமை ஆயர்களின் வரலாறு கூறும் தொகுப்பு நூலிலிருந்து. அதன் பழைய பகுதி ஏறத்தாழ கி.பி. 530-இல் உருவானது. நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்திற்கும் எழுதப்பட்ட காலத்திற்கும் இடையே மூன்றரை நூற்றாண்டு இடைவெளி. மேலும், இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியா உரோம மாநிலமாக இருந்தது. ஆளுநர் ஆண்ட நாட்டில் முடிமன்னன் ஒருவனுக்கு இடமேது?

1904-இல் செருமானிய அறிஞர் அடோல்ஃப் ஹார்னாக் ஒரு விடை கண்டார். அக்காலத்தில் எடெஸ்ஸா நாட்டை ஆண்ட அப்கார் மன்னனுக்கு லூசியஸ் என்ற உரோமப் பெயரும் உண்டு. அவனது கோட்டையின் பெயரைக் குறித்த 'பிரித்தியோ' என்னும் சொல்லே, படியெடுத்தவர் கையில் 'பிரித்தானியோ' எனத் திரிந்தது என்பது அவர் கருத்து. ஏட்டுச் சுவடிகளில் பாடபேதம் கண்டு பழகிய தமிழாசிரியர்க்கு இவ்விளக்கம் இனிக்கும். ஓரிரு எழுத்துகள் மிகுந்ததால் ஒரு மன்னன் மெசபொத்தேமியாவிலிருந்து பிரித்தானியாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டான்! ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் பெரும்பாலோர் இவ்விளக்கத்தையே ஏற்றனர். எனினும் 2008-இல் டேவிட் நைட் என்னும் ஆய்வாளர் இதனையும் வினாவுக்கு உட்படுத்தினார். எடெஸ்ஸா அப்பெயரால் வழங்கப்பட்டதற்குச் சான்று போதாது என்பது அவர் வாதம். அழகான விளக்கம் ஒன்று கிடைத்ததனாலேயே அது மெய்யாகிவிடாது என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

பெயர் ஒற்றுமையைப் பற்றிக்கொண்டு எழுந்த கதைகள் வேறும் உள. பவுலின் மடலொன்றில் பியூடன்ஸ், கிளாடியா என்ற இரு பெயர்கள் வருகின்றன. முதல் நூற்றாண்டு உரோமக் கவிஞர் மார்ஷியல், பியூடன்ஸ் ஒருவனின் மனைவியாகக் கிளாடியா ஒருத்தியையும், பிரித்தானியக் குடியில் பிறந்தவளாகக் கிளாடியா ஒருத்தியையும் பாடியுள்ளார். 1723-இல் சிச்செஸ்டர் நகரில் கிடைத்த கல்வெட்டொன்றில், சிதைந்த நிலையில் உள்ள பெயரைப் பியூடன்ஸ் எனப் படித்தனர். இவை யாவும் ஒரே குடும்பம் என்று ஆர்வலர் சிலர் முடிபு கட்டினர். கிளாடியஸ் என்ற பேரரசன் வழிவந்த பெயரைப் பல்லாயிரம் பெண்கள் தாங்கிய காலம் அது. நம் ஊரில் இரண்டு முருகன்கள் இருந்தால் இருவரையும் ஒருவரென்று எவரும் துணிவதில்லை.

எரிந்த கோயிலும் எழுந்த கதையும்

எல்லாக் கதைகளிலும் புகழ் மிக்கது அரிமத்தியா ஊர் யோசேப்பின் கதை. சிலுவையினின்று இறக்கப்பட்ட இயேசுவின் உடலைத் தம் கல்லறையில் அடக்கம் செய்தவர் என்று நற்செய்தி நூல்கள் கூறும் செல்வர் இவர். இவரே பிரித்தானியாவுக்கு வந்து, கிளாஸ்டன்பரி என்னும் இடத்தில் முதற்கோயில் எழுப்பினார் என்பது மரபு. அவர் ஊன்றிய கோல் தளிர்த்து முள்மரமாயிற்று என்றும் மக்கள் கூறுவர்.

ஏறத்தாழ 1130-இல் மால்மெஸ்பரி வில்லியம் என்னும் வரலாற்றறிஞர் கிளாஸ்டன்பரி மடாலயத்தின் தொன்மையைப் பற்றித் தனிநூலே எழுதினார். மடாலயத்தின் பெருமையை நிலைநாட்டுவதே அந்நூலின் நோக்கம். எனினும் அவர் எழுதிய மூலத்தில் யோசேப்பின் பெயர் இல்லை. இன்று அந்நூலில் காணப்படும் யோசேப்புச் செய்தி, ஒரு நூற்றாண்டுக்குப் பின் மடாலயத்தார் சேர்த்த இடைச்செருகல் என்பது அறிஞர் துணிபு.

இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது என்ன? 1184-இல் பெருந்தீ மூண்டு மடாலயமும் அதன் பழங்கோயிலும் சாம்பலாயின. மீண்டும் கட்டப் பெரும்பொருள் வேண்டியிருந்தது. உதவி வந்த மன்னர் இரண்டாம் ஹென்றி 1189-இல் மறைந்தார். 1191-இல் ஆர்தர் மன்னனின் கல்லறை அங்கே கண்டெடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 1200-இல் பிரெஞ்சுக் கவிஞர் ராபர்ட் டி போரான் யோசேப்பைத் திருக்கிண்ணக் கதையுடன் இணைத்துக் காப்பியம் புனைந்தார். அதன்பின்னரே யோசேப்பு மடாலயத்தின் ஏடுகளுக்குள் நுழைந்தார். துறவியர் அனைவரும் அறிந்தே பொய் புனைந்தனர் என்று பழித்தல் தகாது. தம் இல்லம் தீப்பட்டு நிற்பவர், அதன் பழம்பெருமையை உரக்கப் பேசுதல் மனித இயல்பு. பேசப் பேசப் பெருமை வளர்தலும் இயல்பே.

கதை அம்மடாலயத்தின் சுவர்களுக்குள் அடங்கியிருக்கவில்லை. 1417-இல் கான்ஸ்டன்ஸ் நகரிலும் 1434-இல் பாசல் நகரிலும் நடந்த திருச்சபைப் பேரவைகளில், ஆங்கிலப் பேராளர் முன்வரிசை உரிமை கோரினர். பிரான்சும் ஸ்பெயினும் அறியுமுன்பே யோசேப்பின் வாயிலாக எங்கள் நாடு கிறித்துவத்தை அறிந்தது என்பது அவர்கள் வாதம். பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்து உரோமைத் தலைமையினின்று பிரிந்தபோது, கதைகள் படைக்கலங்களாயின. 1572-இல் பேராயர் மேத்யூ பார்க்கர் பிரித்தானியத் திருச்சபையின் தொன்மையை விரித்து நூல் வெளியிட்டார். உரோமைக்கு முன்பே எங்களுக்குச் சமயம் உண்டு என்போர்க்கு யோசேப்பு சாட்சியானார். உரோமையே எங்களுக்குச் சமயம் தந்தது என்று வாதிட்ட கத்தோலிக்கர்க்கு லூசியஸ் மன்னனின் மடல் சாட்சியாயிற்று. மெய்ப்பிக்கப்படாத இரு சாட்சிகளை நிறுத்தி இரு தரப்பாரும் வழக்காடினர்.

பிற்காலத்தில் இதனினும் வருந்தத்தக்கதொன்று நிகழ்ந்தது. இயோலோ மார்கன்வக் என்ற புனைபெயர் கொண்ட எட்வர்ட் வில்லியம்ஸ் (1747-1826) வேல்ஸ் மொழியின்மீது அளவிறந்த காதல் கொண்டவர். பழஞ்சுவடிகளைத் தேடித் தொகுத்து அம்மொழிக்குப் பெருந்தொண்டாற்றியவர். ஆனால் தேடியது கிட்டாதபோது அவரே பழஞ்சுவடிகளை எழுதினார். பிரான் என்னும் பழங்கதைத் தலைவன் உரோமிலிருந்து கிறித்துவத்தைக் கொணர்ந்தான் என்று கூறும் பாடங்கள் அவர் கைவண்ணம். இருபதாம் நூற்றாண்டில் பேராசிரியர் கிரிஃபித் ஜான் வில்லியம்ஸ் பல்லாண்டு உழைத்து அப்புனைவுகளைப் பிரித்துக் காட்டினார். அவரும் வேல்ஸ் மொழிப்பற்றாளரே. ஒருவர் பற்று மொழிக்கு அணிகலன் என்று எண்ணிப் போலி நகையைப் பூட்டியது. மற்றவர் பற்று அதனைக் கழற்றியது. இரண்டாம் பற்றே அரிது. அதுவே மொழிக்கு ஆக்கம் தருவது.

மண் கூறும் சாட்சி

கதைகளை விலக்கிய பின் எஞ்சுவது என்ன? உறுதியான முதற்படி கி.பி. 314. அவ்வாண்டு கால் நாட்டின் ஆர்ல் நகரில் கூடிய பேரவையில் பிரித்தானியாவிலிருந்து மூன்று ஆயர்கள் கலந்துகொண்டனர். யார்க்கின் எபோரியஸ், இலண்டனின் ரெஸ்டிட்யூட்டஸ், அடெல்ஃபியஸ் என்பன அவர்தம் பெயர்கள். ஆயர் மூவர் கடல் கடந்து செல்லும் அளவுக்குச் சபை அமைந்திருந்ததெனின், அதன் வேர் குறைந்தது ஒரு தலைமுறைக்கு முன்பாவது ஊன்றியிருத்தல் வேண்டும். கி.பி. 359-இல் ரிமினிப் பேரவைக்குச் சென்ற பிரித்தானிய ஆயர் மூவர், வறுமையின் காரணமாக அரசு தந்த பயணப்படியைப் பெற்றுக்கொண்டனர் என்ற செய்தியும் உண்டு. யோசேப்பின் செல்வத்தைப் பேசும் கதையைவிட இவ்வறுமைக் குறிப்பு நம்பத்தக்கது. புகழுக்காக எவரும் வறுமையைப் புனைவதில்லை.

இதற்கு முன்னர் மறைச்சாட்சியர் மூவரை மரபு கூறுகிறது. வெருலாமியம் நகரின் ஆல்பன், படைநகரின் ஆரோன், ஜூலியஸ் ஆகியோர் அவர்கள். கி.பி. 429-இல் ஜெர்மானஸ் என்னும் ஆயர் ஆல்பனின் கல்லறைக்குச் சென்று வழிபட்டார். ஆகவே அவர் நினைவு பழமையானது. அவர் இறந்த ஆண்டு எது என்பதில் மட்டும் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் நான்காம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கருத்துகள் ஊசலாடுகின்றன.

மண்ணும் தன் பங்குக்குப் பேசியுள்ளது. 1978-இல் மான்செஸ்டர் நகரில் கிடைத்த மட்கலத் துண்டொன்றில், ஐந்து சொற்களைச் சதுரமாக அடுக்கிய எழுத்துக்கட்டம் காணப்பட்டது. எப்பக்கம் படித்தாலும் அதே சொற்கள் வரும். மாலைமாற்றும் சித்திரகவியும் அறிந்த தமிழர்க்கு இவ்விளையாட்டு புதிதன்று. அதிலுள்ள 25 எழுத்துகளை மாற்றி அடுக்கினால், 'எங்கள் தந்தையே' என்று பொருள்படும் இலத்தீன் சொற்கள் சிலுவை வடிவில் அமைகின்றன. இத்துண்டு இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்தது. ஆகவே இதுவே பிரித்தானியாவின் முதற் கிறித்துவச் சான்று என்று பலர் மகிழ்ந்தனர். ஆனால் கி.பி. 79-இல் எரிமலையால் புதையுண்ட பொம்பெய் நகரிலும் அதே கட்டம் கிடைத்துள்ளது. அவ்வளவு முற்காலத்தில் அது கிறித்துவக் குறியாக இருந்திருக்குமா என்ற ஐயம் எழவே, மகிழ்ச்சி மீண்டும் வினாவாயிற்று.

1963-இல் டார்செட் மாவட்டத்தின் ஹிண்டன் செயிண்ட் மேரி ஊரில் நான்காம் நூற்றாண்டுத் தரைச் சித்திரம் வெளிப்பட்டது. கிறித்துவின் பெயரெழுத்துகள் பின்னணியில் விளங்க, இளைஞர் ஒருவரின் முகம் அதில் உள்ளது. கிறித்துவே என்பர் சிலர். கிறித்துவப் பேரரசர் ஒருவர் என்பர் வேறு சிலர். அடுத்த பகுதியிலேயே பழைய கிரேக்கப் புராண வீரன் அரக்க விலங்கைக் குத்துகிறான். பழையதும் புதியதும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த காலம் அது.

1975-இல் வாட்டர் நியூட்டன் என்னும் ஊரில் உழுத நிலத்தினின்று வெள்ளிக் கலங்களின் புதையல் ஒன்று கிடைத்தது. உரோமப் பேரரசு முழுவதிலும் இன்று வரை அறியப்பட்ட கிறித்துவ வழிபாட்டு வெள்ளிக்கலத் தொகுதிகளுள் இதுவே மிகப் பழமையானது என்பர். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் அது காக்கப்படுகிறது. அக்கலங்களில் பூப்லியானஸ், இன்னொசென்ஷியா, விவென்ஷியா எனப் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பெண்ணொருத்தி தான் நேர்ந்துகொண்ட நேர்த்திக்கடனைச் செலுத்தியதாகத் தகடொன்று கூறுகிறது. இவர்கள் மன்னரல்லர், கதைத் தலைவருமல்லர். எந்த வரலாற்று நூலும் இவர்களை அறியாது.

எழாத இருக்கை

தொன்மை பற்றிய வினா, ஏட்டறிஞர்க்கு மட்டும் உரிய வினாவன்று என்பதை ஒரு நிகழ்ச்சி உணர்த்தும். கி.பி. 597-இல் உரோமையிலிருந்து அகஸ்டின் என்பார் ஆங்கிலேயர்க்குச் சமயம் போதிக்க வந்தார். மேற்கே ஒதுங்கி வாழ்ந்த பிரித்தானியரோ அதற்கு நெடுங்காலம் முன்பே கிறித்துவர். ஏறத்தாழ கி.பி. 603-இல் இரு சாராரும் சந்தித்தனர். செல்லுமுன் பிரித்தானியர் தனித்து வாழ்ந்த துறவி ஒருவரிடம் அறிவுரை கேட்டனர். நீங்கள் நெருங்கும்போது அவர் எழுந்து நின்றால் அவர் பணிவுடையவர். அவர் சொல் கேளுங்கள். எழாவிடில் நீங்களும் அவரை மதிக்க வேண்டா என்று அத்துறவி கூறினார். அவர்கள் சென்றபோது அகஸ்டின் இருக்கையைவிட்டு எழவில்லை. இணக்கம் அன்றே முறிந்தது.

இதனைப் பதிந்தவர் பீட் அடிகள். அவர் ஆங்கிலேயர், பிரித்தானியர்மீது கடுஞ்சினம் கொண்டவர். செஸ்டர் போரில் பிரித்தானியத் துறவியர் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டதைக்கூட, அகஸ்டினின் எச்சரிக்கை பலித்ததாகவே அவர் எழுதினார். அத்தகையவரே தம் தரப்புக்குச் சிறுமை தரும் இருக்கைக் கதையை மறைக்காது எழுதிவைத்தார். பீட் அடிகளின் பெருமை இதில்தான் இருக்கிறது. லூசியஸ் செய்தியில் அவர் ஏமாந்திருக்கலாம். நேர்மையில் அவர் வழுவவில்லை.

பிரித்தானியர் அன்று வேண்டியது யாது? நிலத்தை இழந்தோம், நகரங்களை இழந்தோம், ஆயினும் நாங்கள் நேற்று வந்தவர் அல்லோம் என்பதைப் பிறர் எழுந்துநின்று ஏற்க வேண்டும் என்பதே. தாழ்ந்த குடி தன் தொன்மையைப் பேசுவது செருக்கினால் மட்டுமன்று, காயத்தினாலும்தான். அக்காயத்தை அறியாமல் அக்கதைகளை எள்ளி நகையாடுவோர் வரலாறு அறிந்தவராகார். அதேவேளையில், காயத்திற்கு இரங்கிக் கதையை மெய்யென்று வகுப்பில் உரைப்போரும் மாணவர்க்கு நன்மை செய்தவராகார்.

கற்பிப்போர்க்கு ஒரு நெறி உண்டு. இது சான்றுடைய செய்தி, இது நிகழ்ந்திருக்கக்கூடிய செய்தி, இது மரபு, இது புனைவு என நால்வகையாகப் பிரித்து மாணவர் முன் வைத்தல் வேண்டும். அவ்வாறு வைத்தால், கி.பி. 314-இல் பிரித்தானிய ஆயர்கள் இருந்தனர் என்பது சான்று. கி.பி. 177-லேயே கால் நாட்டின் லியோன் நகரில் கிறித்துவர் மறைச்சாட்சியராக மாண்டனர். எனவே அங்கிருந்து வணிகரும் படைவீரரும் அடிமைகளும் அச்சமயத்தை அக்கரைக்குக் கொண்டுசென்றிருக்கலாம் என்பது நிகழ்ந்திருக்கக்கூடியது. ஆல்பனின் உயிர்த்தியாகம் பழமையான மரபு. யோசேப்பின் பயணம் பிற்காலப் புனைவு. இவற்றைப் பிரித்தறிந்த மாணவன் தன் குலத்தைப் பற்றிய பழம்பெருமைகளையும் அதே தராசில் நிறுத்தத் துணிவு பெறுவான். அத்துணிவு பெற்றவனை எந்த மேடைப் பேச்சும் எளிதில் ஏமாற்ற இயலாது.

விதைத்த கை எது என்பதற்கு உறுதியான விடை இல்லை. ஒரே கை விதைத்ததாகக் கொள்ளவும் வேண்டியதில்லை. துறைமுகத்தில் சரக்கிறக்கியவன், பாசறையில் காவல் நின்றவன், பெரிய இல்லத்தில் நீர் சுமந்தவள் எனப் பெயரில்லாப் பலர் ஒவ்வொரு மணியாகச் சிந்திச் சென்றிருப்பர். அவர்கள் விட்ட இடத்தைக் கதைகள் மன்னனையும் செல்வனையும் கொண்டு நிரப்பின. மண்ணோ, இன்னொசென்ஷியா என்றும் விவென்ஷியா என்றும் இரு பெண்களின் பெயர்களைப் பதினாறு நூற்றாண்டுக் காலம் வெள்ளியில் காத்துவைத்துத் திருப்பித் தந்தது.